முதல் கிட்டார் வாங்கறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள் – பத்தாயிரத்தை ஒட்டி ஒரு நல்ல அக்கூஸ்டிக் கிட்டார்

தூத்துக்குடில எங்க வீட்டு மாடில சனி ஞாயிறு சாயங்காலம் கொஞ்சம் பேருக்கு கிட்டார் சொல்லித் தர்றேன். ஸ்கூல் பசங்க, காலேஜ் பசங்க, சர்ச் க்வயர்ல வாசிக்கணும்னு வர்றவங்க, ரிட்டயர் ஆனப்புறம் ஆசைப்பட்டு வர்ற சார் ஒருத்தர்னு எல்லா வயசும் உண்டு. எல்லாரும் வகுப்புல சேர்றதுக்கு முன்னாடி கேக்குறது "எந்த கிட்டார் வாங்கட்டும்"தான், ஒவ்வொருத்தருக்கும் போன்ல அரைமணி நேரம் சொல்றதை இங்க ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். விலையெல்லாம் சுமாரா சொல்றேன், கடைக்குக் கடை மாறும், வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோங்க.

எவ்வளவு பட்ஜெட் வைக்கணும்?

கையில மொத்தம் பத்தாயிரம் இருந்தா எட்டாயிரம் எட்டாயிரத்து ஐநூறுக்கு கிட்டார் பாருங்க, மிச்சத்தைத் தொடாதீங்க. அந்த மிச்சம்தான் செட்டப்புக்கும் (கம்பி உயரத்தையெல்லாம் சரி பண்ற வேலை), ஒரு நல்ல ஸ்ட்ரிங் செட்டுக்கும், கொஞ்சம் பஞ்சு வச்ச பைக்கும். மொத்தம் ஆறாயிரம்தான் இருக்குன்னாலும் இதே கணக்குதான், ஐயாயிரத்துக்கு கிட்டார், ஆயிரம் தனியா. நிறைய பேர் ஃபுல் காசையும் கிட்டார்லயே போட்டுட்டு கம்பி உயரத்தை சரி பண்ண காசில்லாம அப்படியே வாசிக்க உக்காந்துடறாங்க, அங்கதான் எல்லாமே கெட்டுப் போகுது.

ஆன்லைன்ல ரெண்டாயிரத்து ஐநூறுக்கே கிட்டார், பை, பெல்ட், பிக், எக்ஸ்ட்ரா கம்பி எல்லாம் சேத்துத் தர்றாங்களே, அது போதாதா? கத்துக்கத்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நீளமா பதில் சொல்லணும், ஏன்னா என் முதல் கிட்டாரே அதுதான். காலேஜ் ரெண்டாவது வருஷம், ஸ்காலர்ஷிப் காசுல ஒரு கடைல ரெண்டாயிரத்துச் சொச்சம் குடுத்து வாங்குனேன், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு, கருப்பு பளபளன்னு. முதல் வாரம் விரல் வலிச்சுது, எல்லாருக்கும் வலிக்கும்னு சொன்னாங்க, சரின்னு இருந்தேன். ஒரு மாசம் ஆச்சு, ஜி கார்டு (கார்டுன்னா சில ஸ்வரத்தை ஒண்ணா ஒலிக்க வைக்கிற விரல் பிடி) சுமாரா வந்துச்சு, எஃப் கார்டு வரவே இல்ல. மூணு மாசம், அஞ்சு மாசம் ஆச்சு, எவ்வளவு அமுக்குனாலும் ரெண்டு கம்பி ஊமையா கெடக்கும். என் விரல் குட்டை, எனக்கு சங்கீதம் வராதுன்னு முடிவு பண்ணி பீரோ மேல தூக்கி வச்சிட்டேன், ரெண்டு வருஷம் அங்கயே கெடந்துச்சு.

அப்புறம் சர்ச்ல கிட்டார் வாசிக்கிற அண்ணன் ஒருத்தர் வீட்டுக்கு வந்தப்ப அதை எடுத்துப் பாத்துட்டு, தம்பி இதுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் (கழுத்துல குறுக்கா பதிச்ச உலோகப் பட்டை) நடுவுல என் சுண்டு விரலே போகுமே, இதுல நானே எஃப் போட முடியாதுன்னாரு. அவரு கிட்டாரைக் கையில குடுத்து வாசின்னாரு. எஃப் வந்துச்சு. முதல் தடவையே சுத்தமா இல்ல, ஆனா வந்துச்சு. ரெண்டு வருஷமா என் மேல தப்புன்னு நெனச்சுட்டு இருந்தேன், தப்பு மரத்துல இருந்துச்சு. இன்னைக்கும் அதை நெனச்சா மனசு கஷ்டமாத்தான் இருக்கு, அதனாலதான் புதுசா வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் இவ்வளவு வெரட்டி வெரட்டி சொல்றேன்.

ரெண்டாயிரம் மூவாயிரம் கிட்டார் எல்லாமே மோசம்னு சொல்ல வரல. ஒரே மாடல்ல பத்து கிட்டார் இருந்தா அதுல ரெண்டு மூணு நல்லா அமைஞ்சிருக்கும், மிச்சம் எப்படி இருக்கும்னு சொல்ல முடியாது. அதுல பலதுல ட்ரஸ் ராட் இருக்காது, அதாவது நெக் உள்ள, கிட்டாரோட கழுத்துக்குள்ள, ஓடுற இரும்புக் கம்பி. கம்பிங்க இழுக்கிற இழுப்புக்கு நெக் முன்னாடி வளைஞ்சா அதை நிமித்துறது இந்த ராட்தான், அது இல்லாத கிட்டார் வளைஞ்சா வளைஞ்சதுதான். ஸ்டீல் கம்பி செட் ஒண்ணு மொத்தமா கிட்டத்தட்ட 70 கிலோ இழுக்கும்ங்க. ஒரு ஆளு எடை ராத்திரி பகலா அந்த மெல்லிசு மரத்துல தொங்கிட்டு இருக்கற மாதிரி.

ஆக்ஷன் ஆக்ஷன்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா என்ன?

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற உயரம். 12வது ஃப்ரெட்டு மேல அளப்பாங்க. ஆறாவது கம்பில, அதாவது தடிச்ச கம்பில, 2.3ல இருந்து 2.8 மில்லிமீட்டர் இருந்தா சுகமா இருக்கும், முதல் கம்பில 2 மில்லிமீட்டர் ஒட்டி. மூணரைக்கு மேல போனா புதுசா கத்துக்கறவங்களுக்கு அது தண்டனைதான்.

ஸ்கேல் இல்லாம கடைலயே பாக்க ஒரு வழி இருக்கு. ஏடிஎம் கார்டு ஒண்ணோட தடிமன் 0.76 மில்லிமீட்டர், உலகம் பூரா ஒரே அளவுதான். எழுத்து மேடா எழும்பி நிக்காத மட்டமான கார்டா மூணு எடுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சு 12வது ஃப்ரெட்டுக்கும் ஆறாவது கம்பிக்கும் நடுவுல விடுங்க. மூணும் போய் கம்பியை லேசா தொட்டுட்டு நின்னா நல்ல ஆக்ஷன். நாலு போனா கொஞ்சம் உயரம், சரி பண்ணிக்கலாம். அஞ்சு கார்டு சாதாரணமா உள்ள போனா கடைக்காரர்கிட்ட "இதை எறக்கித் தர முடியுமா"ன்னு கேளுங்க, முடியாதுன்னா அடுத்த கிட்டாரைப் பாருங்க. எங்க மாடிக்கு வர்ற அப்பாங்க நிறைய பேர் இப்ப கடைக்கு மூணு கார்டோடதான் போறாங்க, கடைக்காரங்க ஒரு மாதிரி பாப்பாங்க, பாத்துட்டுப் போகட்டும்.

செட்டப்னா என்ன பண்ணுவாங்க? அதுக்கு எவ்வளவு ஆகும்?

மூணு இடத்துல வேலை. ட்ரஸ் ராடைத் திருப்பி நெக் வளைவை சரி பண்றது, பிரிட்ஜ்ல (உடம்பு மேல கம்பியோட கீழ் முனை மாட்டற மரக்கட்டை) இருக்கற சாடிலை, அந்த வெள்ளை எலும்பு மாதிரி துண்டை, அடிப்பக்கம் தேய்ச்சு உயரத்தைக் குறைக்கிறது, மேல தலைக்கிட்ட இருக்கற நட்ல கம்பி உக்கார்ற காடியை சரியான ஆழத்துக்கு அறுக்கறது. எங்க பக்கம் ஐநூறுல இருந்து ஆயிரம் வரைக்கும் வாங்கறாங்க, பெரிய ஊர்ல கொஞ்சம் கூட.

இதுல யாரும் கவனிக்காதது நட். புதுசா வர்றவங்களுக்கு எஃப் கார்டு வராததுக்கு பாதிக் காரணம் நட் உயரமா இருக்கறதுதான், ஏன்னா எஃப் முதல் ஃப்ரெட்ல போடுறது, நட்டுக்கு ஒட்டுனாப்ல. டெஸ்ட் பண்றது சுலபம், கம்பியை மூணாவது ஃப்ரெட்ல அமுக்கிட்டு முதல் ஃப்ரெட்டு மேல பாருங்க, கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல தலைமுடி அளவு இடைவெளி இருந்தா போதும். நல்லா வெளிச்சம் தெரியற அளவு இருந்தா நட் வெட்டணும். இதை வீட்ல அரம் வச்சு முயற்சி பண்ணாதீங்க, கொஞ்சம் ஆழமாப் போயிட்டா கம்பி ஃப்ரெட்ல உரசி சர்ர்னு இரைய ஆரம்பிச்சிடும், அப்புறம் புது நட் போடணும்.

சாடில் வேணா பொறுமை இருந்தா வீட்லயே உப்புத்தாள்ல தேய்க்கலாம். ஒரு கணக்கு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, 12வது ஃப்ரெட்ல ஒரு மில்லிமீட்டர் குறையணும்னா சாடில்ல ரெண்டு மில்லிமீட்டர் தேய்க்கணும், ஏன்னா 12வது ஃப்ரெட் கம்பியோட சரி பாதில இருக்கு. அடிப்பக்கம் கோணாம, கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு, மாட்டிப் பாத்து, திரும்பத் தேய்க்கணும்.

சரி, எந்த மாடல் வாங்கட்டும்? பேரைச் சொல்லுங்க.

எட்டாயிரத்துல இருந்து பதினொண்ணாயிரம் வரைக்கும் இருந்தா நான் முதல்ல சொல்றது யமஹா எஃப்280 இல்லன்னா எஃப்310. எஃப்310 நம்ம ஊர்ல ரொம்ப வருஷமா கத்துக்கறவங்க கையில இருக்கற கிட்டார், எந்த வாத்தியாரைக் கேட்டாலும் இந்தப் பேரைத்தான் முதல்ல சொல்வாங்க. எஃப்280 அதை விட கொஞ்சம் விலை கம்மி, சென்னைக்குப் பக்கத்துல இருக்கற யமஹா ஃபேக்டரில செய்யறது, அந்த ஃபேக்டரி 2019ல உற்பத்தி ஆரம்பிச்சது. இந்த ரெண்டையும் நான் சொல்றதுக்கு சவுண்டு காரணம் இல்லங்க. பத்து பீஸ் எடுத்தா பத்தும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ட்ரஸ் ராட் இருக்கு, ட்யூனிங் நிக்கும், நாளைக்கு விக்கணும்னாலும் பாதி விலைக்கு மேல கேட்டு எடுத்துட்டுப் போவாங்க.

எஃப்310ல கம்பியோட வாசிக்கிற நீளம் 634 மில்லிமீட்டர், நிறைய ஃபுல் சைஸ் கிட்டார்ல இருக்கற 643, 650ஐ விட கொஞ்சம் கம்மி. கொஞ்சம்தான் வித்தியாசம், ஆனா சின்னக் கை உள்ளவங்களுக்கு அந்தக் கொஞ்சம் தெரியும், ஃப்ரெட்டும் கிட்ட கிட்ட வரும், கம்பியும் லேசா இளகலா இருக்கும்.

கோர்ட் ஏடி810ம் இதே விலையை ஒட்டிதான், நல்ல கிட்டார், பாலிஷ் மேட்டா கைக்கு இதமா இருக்கும். நாலாயிரம் அஞ்சாயிரம் ரேஞ்சுல கேடன்ஸ், வால்ட் மாதிரி நம்ம நாட்டு பிராண்டுங்க இருக்கு, ட்ரஸ் ராட் இருக்கற மாடலாப் பாத்து எடுத்து செட்டப்புக்கு ஆயிரம் செலவு பண்ணா நல்லாவே கத்துக்கலாம், என்கிட்ட இப்ப படிக்கிற ஒரு பொண்ணு அப்படித்தான் வாசிக்குது, நல்ல சுத்தமா வாசிக்குது. கிவ்சன்னு ஒரு பேர் பாப்பீங்க, அது அமெரிக்க கிப்சன் கிடையாது, கல்கத்தா கம்பெனி. கல்கத்தால கிட்டார் செய்யறது பல தலைமுறையா நடக்கற தொழில், கையில புடிச்சுப் பாத்து நல்ல பீஸா அமைஞ்சா தாராளமா எடுங்க.

பதினஞ்சாயிரத்துக்கு மேல போக முடியும்னா ஃபெண்டர் சிடி-60எஸ், அதுக்கும் மேல யமஹா எஃப்ஜி800. ரெண்டுலயும் சாலிட் டாப் இருக்கு.

சாலிட் டாப்னா என்ன? கண்டிப்பா வேணுமா?

முன்பக்கப் பலகை ஒரே மரத்துல அறுத்ததா இருந்தா சாலிட், மெல்லிசு தாள் மாதிரி மரங்களை ஒட்டி ப்ளைவுட் மாதிரி பண்ணியிருந்தா லேமினேட். சாலிட் நல்லா அதிரும், வருஷம் ஆக ஆக சத்தம் இன்னும் தெறக்கும். ஆனா காத்துல ஈரம் கூடுனாலும் குறைஞ்சாலும் அதுதான் முதல்ல அவஸ்தைப்படும். முதல் கிட்டாருக்கு லேமினேட் போதும், அதுவும் கடக்கரை ஊர்ல இருக்கறவங்களுக்கு லேமினேட்தான் நிம்மதி.

நைலான் கம்பியா, ஸ்டீல் கம்பியா? நைலான் வலிக்காதுன்னு சொல்றாங்களே?

வலி கம்மிதான், உண்மை. நைலான் செட் மொத்தமே 40 கிலோதான் இழுக்கும். ஆனா கிளாசிக்கல் கிட்டார்ல நெக் அகலம், நட்கிட்ட 52 மில்லிமீட்டர் இருக்கும், ஸ்டீல் கிட்டார்ல 43தான். சின்னக் கைக்கு அந்த அகலம் கஷ்டம். அதனால எந்தப் பாட்டு வாசிக்க ஆசைன்னு பாருங்க. சினிமாப் பாட்டு, சர்ச் பாட்டு, கார்டு அடிச்சுப் பாடறதுன்னா ஸ்டீல். விரலால மீட்டற மேற்கத்திய கிளாசிக்கல், லண்டன் ட்ரினிட்டி காலேஜோட கிளாசிக்கல் கிரேடு பரிட்சை எழுதணும்னா நைலான், யமஹா சி40 போதும். நம்ம இளையராஜா சார் ட்ரினிட்டில கிளாசிக்கல் கிட்டார்தான் படிச்சாரு, ஆரம்பத்துல கிட்டாரிஸ்டாத்தான் ரெக்கார்டிங்க்குப் போயிட்டு இருந்தாரு. பிள்ளைங்ககிட்ட இதைச் சொன்னா கண்ணு விரியும்.

ஒண்ணே ஒண்ணு, கெஞ்சிக் கேக்கறேன், நைலான் கிட்டார்ல ஸ்டீல் கம்பி மாட்டாதீங்க. சத்தம் நல்லா வரும்னு யாரோ சொன்னாங்கன்னு ஒரு பையன் மாட்டிட்டு வந்தான், ஒரே மாசத்துல பிரிட்ஜ் தூக்கிக்கிட்டு முன்பக்கம் வயிறு மாதிரி உப்பிடுச்சு.

ஸ்டீல் கம்பி விரலை அறுக்குதே, எத்தனை நாள் வலிக்கும்?

தினம் பதினஞ்சு இருபது நிமிஷம் வாசிச்சா ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்குள்ள விரல் நுனி காய்ச்சுப் போயிடும், அப்புறம் வலிக்காது. ஞாயித்துக்கிழமை மட்டும் மூணு மணி நேரம் வாசிச்சா காய்ப்பே வராது, வலி மட்டும்தான் வரும்.

வலியைக் குறைக்க கம்பியை மாத்துங்க. கடைல வர்றப்ப பெரும்பாலும் 12 கேஜ் (கேஜ்னா கம்பியோட தடிமன்) மாட்டியிருப்பாங்க, அதைக் கழட்டிட்டு 10 கேஜ் எக்ஸ்ட்ரா லைட் மாட்டுனா ஏறக்குறைய பத்து கிலோ இழுப்பு குறையும். டடாரியோ, எர்னி பால் ரெண்டுலயும் 10 கேஜ் சுலபமா கிடைக்குது. இன்னொரு வழிக்கு ஒரு கேப்போ, அதாவது எல்லாக் கம்பியையும் ஒண்ணா அமுக்கற கிளிப், இருந்தா போதும். ஆறு கம்பியையும் அரை ஸ்வரம் எறக்கி ட்யூன் பண்ணிட்டு முதல் ஃப்ரெட்ல கேப்போ மாட்டுங்க. ஸ்ருதி பழையபடி இருக்கும், கம்பி இழுப்பு பத்துல ஒரு பங்கு குறைஞ்சிடும், கேப்போ நட் வேலையைப் பாத்துக்கறதால நட் உயரமும் தெரியாது. சின்னப் பிள்ளைங்களுக்கு முதல் ரெண்டு மாசம் நான் இப்படித்தான் குடுக்கறேன்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு, பெரிய கிட்டாரே வாங்கிட்டா வளர்ந்தப்புறமும் ஆகுமே?

செருப்பு அப்படி வாங்க மாட்டோம்ல, அதே மாதிரிதான் இதுவும். எட்டு வயசுப் பிள்ளை பெரிய ட்ரெட்நாட் கிட்டாரைப் புடிச்சா வலது தோள்பட்டை காதுக்கிட்ட ஏறிடும், இடது கை முதல் ஃப்ரெட்டுக்கே எட்டாது. ஆறு ஏழு வயசுக்கு அரை சைஸ், எட்டுல இருந்து பதினொண்ணு வரைக்கும் முக்கால் சைஸ், பன்னெண்டுக்கு மேல ஃபுல் சைஸ், வயசை விட கை நீளத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. நெக் கொஞ்சம் அகலமா இருந்தாலும் வலி கம்மிங்கறதால அந்த வயசுக்கு நைலான்தான் நல்லது, யமஹால சிஎஸ்40 முக்கால் சைஸ், வாசிக்கிற நீளம் 580 மில்லிமீட்டர். பிள்ளை வளர்ந்தப்புறம் இன்னொரு பிள்ளைக்குக் குடுத்துடலாம், எங்க வகுப்புல ஒரே முக்கால் சைஸ் கிட்டார் மூணு வீடு மாறியிருக்கு.

38 இன்ச், 40 இன்ச், 41 இன்ச்னு போட்டிருக்காங்களே?

தலைல இருந்து வால் வரைக்கும் மொத்த நீளம். ட்ரெட்நாட்னு சொல்ற பெரிய உடம்பு கிட்டார் பொதுவா 41 இன்ச்சை ஒட்டி வரும். அந்தப் பேரு 1906ல வந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் பேரு, அவ்வளவு பெரிசா இருக்குன்னு பத்து வருஷம் கழிச்சு கிட்டாருக்கு வச்சாங்க. சத்தம் தாட்டியா இருக்கும், ஆனா உடம்பு ஒல்லியா குள்ளமா இருக்கறவங்களுக்குக் கை சுத்திப் போட கஷ்டம். அவங்க கான்செர்ட் சைஸ் பாருங்க, யமஹா எஃப்எஸ்80சி மாதிரி, இடுப்பு ஒடுங்கி மடில நல்லா உக்காரும். இன்ச்சைப் படிச்சு முடிவு பண்றதை விட உக்காந்து மடில வச்சுப் பாத்துடறது நல்லது.

கடைக்குப் போனா என்னென்ன பாக்கணும்? எனக்கு வாசிக்கவே தெரியாதே?

வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட கூட்டிட்டுப் போங்க, டீ வாங்கிக் குடுத்தாவது கூட்டிட்டுப் போங்க. யாரும் இல்லன்னா இதைப் பண்ணுங்க.

முதல்ல ட்யூன் பண்ணித் தரச் சொல்லுங்க, ட்யூன் இல்லாத கிட்டார்ல எதையும் கண்டுபுடிக்க முடியாது. அப்புறம் துப்பாக்கி குறி பாக்கற மாதிரி தலைப்பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடி நெக்கைப் பாருங்க, வலது பக்கம் இடது பக்கம் முறுக்கி இருந்தா வச்சிடுங்க, முறுக்குனதை யாராலயும் சரி பண்ண முடியாது. முன்பக்கம் லேசா வளைவு இருக்கலாம், இருக்கணும் கூட. நெக்கோட ரெண்டு ஓரத்துலயும் மேல இருந்து கீழ வரைக்கும் விரலை ஓட்டுங்க, ஃப்ரெட் முனை முள்ளு மாதிரி குத்துதான்னு. அப்புறம் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்லயும் அமுக்கி ஒரு தட்டு தட்டுங்க, ஆறு கம்பி 12 ஃப்ரெட்னா 72 தட்டு, மூணு நிமிஷம்தான் ஆகும், எங்கயாவது சர்ருன்னு இரைஞ்சாலோ சத்தம் செத்துப் போனாலோ தெரிஞ்சிடும். பிரிட்ஜ் பின்பக்கம் ஒரு தாள் நுனியை விட்டுப் பாருங்க, அடியில போச்சுன்னா பிசின் விட்டுப் போச்சு.

கடைசியா ஸ்ருதி. கம்பியை 12வது ஃப்ரெட்டுக்கு நேரா மேல லேசா தொட்டு மீட்டுனா மணி மாதிரி ஒரு சத்தம் வரும், அதே இடத்துல நல்லா அமுக்கி மீட்டுனா வர்ற சத்தமும் அதுவும் ஒண்ணா இருக்கணும். காது நம்பிக்கை இல்லன்னா போன்ல ட்யூனர் ஆப் போட்டுப் பாருங்க, ரெண்டும் ஒரே இடத்துல நிக்கணும். ரொம்ப விலகுனா மேல மேல போகப் போக எல்லாக் கார்டும் அபஸ்வரமா கேக்கும், பிள்ளைக்குக் காது கெட்டுடும்.

சென்னைல இருக்கறவங்க மவுண்ட் ரோடு ம்யூசி ம்யூசிகல்ல போய் நாலஞ்சு கிட்டாரைக் கையில புடிச்சுப் பாருங்க, 1842ல ஆரம்பிச்ச கடை, ட்ரினிட்டி பரிட்சை சென்டரும் அதுதான்.

எங்க ஊர்ல நல்ல கடையே இல்ல, ஆன்லைன்லதான் வாங்கணும்.

எங்க ஊர்க்காரங்க நிறைய பேருக்கு இதே நெலமைதான். இசைக்கருவி மட்டுமே விக்கிற சைட்ல வாங்குங்க, திருப்பி எடுத்துக்குவாங்களான்னு, எத்தனை நாளைக்குள்ளன்னு முதல்லயே படிச்சுடுங்க. பார்சல் பிரிக்கறதை போன்ல வீடியோ எடுங்க, தலை உடைஞ்சு வர்றது நடக்கற விஷயம்தான், குறிப்பா தலையும் நெக்கும் சேர்ற இடத்தை வெளிச்சத்துல பாருங்க, முடி மாதிரி விரிசல் இருக்கும். வந்த உடனே கம்பி தொளதொளன்னு இருந்தா பயப்படாதீங்க, அனுப்பும்போது தளத்தி விட்டிருப்பாங்க. ட்யூன் பண்ணி ஒரு நாள் விட்டு, மேல சொன்ன ஏடிஎம் கார்டு டெஸ்ட் எல்லாம் பண்ணி, திருப்பற நாள் முடியறதுக்குள்ள முடிவு பண்ணிடுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

தாராளமா, எனக்கு ரொம்பப் புடிச்ச வழி. ஏப்ரல் மே மாசம் ஹாஸ்டல் காலி பண்ற பசங்க வித்துட்டுப் போவாங்க, ஆறு மாசம் வாசிச்சு விட்ட கிட்டாரா இருக்கும், எஃப்310 ஆறாயிரம் ஏழாயிரத்துக்குக்கூட வரும். நெக் முறுக்கல், பிரிட்ஜ் தூக்கல், தலை விரிசல் மூணும் இல்லன்னா மத்தது எல்லாம் சரி பண்ணிக்கலாம். கம்பி துரு புடிச்சிருந்தா அது குறையே கிடையாது, அதைக் காட்டி முந்நூறு ரூபா குறைச்சுக் கேளுங்க.

பிக்கப் (சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பற கருவி) வச்ச செமி அக்கூஸ்டிக் எடுத்துட்டா பின்னாடி மேடைக்கு ஆகும்ல?

மேடைக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதே விலைல பிக்கப் இருக்கற கிட்டார்ல மரத்துக்குப் போக வேண்டிய காசு வயருக்குப் போயிருக்கும். பின்னாடி வேணும்னா தனியா பிக்கப் வாங்கி மாட்டிக்கலாம். சர்ச்ல அடுத்த மாசமே ஸ்பீக்கர்ல வாசிக்கணும்னா மட்டும் யமஹா எஃப்எக்ஸ்310 மாதிரி பாருங்க.

எனக்கு இடது கைப் பழக்கம்.

முதல்ல சாதாரண கிட்டாரையே ஒரு வாரம் புடிச்சுப் பாருங்க. கார்டு புடிக்கிறது இடது கைதானே, அந்தக் கை பலமா இருக்கறது ஒரு விதத்துல வசதிதான். ஒத்தே வரலன்னா இடது கை கிட்டாரே வாங்குங்க, ஆனா இந்த விலைல ரகம் ரொம்பக் கம்மி. சாதாரண கிட்டார்ல கம்பியை மட்டும் தலைகீழா மாத்தி மாட்டுனா நட் காடி பொருந்தாது, சாடில் சாய்வும் எதிர்ப்பக்கம் இருக்கும், ஸ்ருதி சேராது.

கர்நாடக சங்கீதம் கிட்டார்ல வருமா? பொண்ணு பாட்டு கத்துக்கிறா.

வரும். கிட்டார் பிரசன்னா கச்சேரி கேட்டுப் பாருங்க. கமகத்துக்குக் கம்பியை இழுக்கணும், ஜாருவுக்கு விரலைத் தேய்ச்சு ஓட்டணும், அதனால கம்பி மெல்லிசா ஆக்ஷன் சரியா இருக்கணும். ஆரம்பத்துக்கு 10 கேஜ் போட்ட அக்கூஸ்டிக்ல சரளி வரிசை தாராளமா வாசிக்கலாம். பாட்டு தெரிஞ்ச பிள்ளைங்க வேகமா கத்துக்குதுங்க, ஸ்வரம் காதுல இருக்கறதால தப்பா வச்சா அதுங்களுக்கே தெரியுது.

கிட்டார் கூட வேற என்ன வாங்கணும்?

பஞ்சு வச்ச பை, பிக் நாலஞ்சு மெல்லிசுல, ஒரு கேப்போ. ட்யூனருக்குப் போன்ல கிட்டார்ட்யூனா மாதிரி ஆப் போதும். ஸ்டாண்ட் வாங்க முடிஞ்சா வாங்குங்க, பைக்குள்ள இருக்கற கிட்டாரை விட கண்ணு முன்னாடி நிக்கிற கிட்டாரைத்தான் பிள்ளைங்க எடுக்குதுங்க. காம்போ பேக்ல வர்ற இருபது ஐட்டம் வேண்டாம்.

வீட்ல எப்படி பாத்துக்கணும்?

கிட்டாருக்குப் புடிச்சது 45ல இருந்து 55 சதவீதம் ஈரப்பதம். நம்ம கடக்கரை ஊர்ல பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்கும். மழை மாசத்துல பைக்குள்ள சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு போட்டு வைங்க, வெளிச்சுவர்ல ஆணி அடிச்சு மாட்டாதீங்க, மழைத்தண்ணி ஊறுன சுவர் மரத்தைக் கெடுத்துடும். வெயில்ல நிக்கிற கார்ல வைக்கவே கூடாது, உள்ள சூடு ஏறி பிரிட்ஜ் பிசின் இளகிடும்.

எங்க ஊர் உப்புக் காத்துல கம்பி ரெண்டு மாசம் தாங்குனா பெரிசு. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வச்ச கையோட வந்து வாசிச்சா அதுவும் கம்பில அழுக்கா ஒட்டிக்கும். வாசிக்கிறதுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவி நல்லா தொடைங்க, வாசிச்சு முடிச்சதும் பழைய பனியன் துணியால ஒவ்வொரு கம்பியையும் அடியிலயும் சேத்துத் தொடைங்க. கம்பி கருத்து, விரலை ஓட்டுனா சொரசொரன்னு இருந்தா மாத்திடுங்க. மாத்தும்போது ஆறையும் ஒரே நேரத்துல கழட்டாம ஒண்ணொண்ணா மாத்துங்க, முதல் தடவை வாத்தியார் பக்கத்துல இருந்தா நல்லது. எங்க மாடிக்குப் புதுக் கம்பியோட வந்தா நானே கூட உக்காந்து மாத்த சொல்லித் தர்றேன், அதுக்கு எந்தப் பிள்ளைகிட்டயும் காசு வாங்கறதில்ல.